அப்பா அம்மா பஃபலோவில் நாலு மாசம், டொராண்டோவில் ரெண்டு மாசம்: கட்டுப்படியாகிற சிம் ஏற்பாடு என்ன?

நங்கநல்லூர்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்த மாசம் சென்னையிலிருந்து கிளம்புறாங்க. முதல் நாலு மாசம் அமெரிக்காவில், பஃபலோவில் தங்கச்சி வீடு. அப்புறம் எல்லை தாண்டி கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தம்பி வீட்டில் ரெண்டு மாசம், அங்கிருந்தே ரிட்டர்ன். நடுவில் வார இறுதிகளில் நயாகரா வழியா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்வருவதும் இருக்கும்.

அப்பா ஜியோ, அம்மா ஏர்டெல், ரெண்டும் பிரீபெய்டு. போன் ஒண்ணு ரெட்மி நோட், இன்னொண்ணு சாம்சங் எம் சீரிஸ், ரெண்டும் சென்னையில் வாங்கினது. ரெண்டு வீட்டிலும் வைஃபை உண்டு. இந்திய நம்பருக்கு வங்கி ஓடிபி தவறாமல் வரணும். பென்ஷன் கணக்கு, எஃப்டி எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கு. வெளியே நடக்கப் போனால் லோக்கலா கூப்பிட ஒரு நம்பர் வேணும். மாம்பலத்தில் பெரியம்மா வீட்டு லேண்ட்லைனுக்கு அம்மா தினமும் பேசணும், அதில் சமரசமே கிடையாது.

இங்கிருந்தே ரோமிங் பேக் மாசாமாசம் போட்டால் ரெண்டு பேருக்கும் சேர்த்து வர்ற தொகை தலையைச் சுத்துது. ஒரே சிம்மில் ரெண்டு நாட்டையும் சமாளிக்க வழி உண்டா? அங்கே போய் வாங்கினால் எது?

பேண்ட்71

பிளானை அப்புறம் பார்க்கலாம், முதலில் போனைப் பாருங்க. இந்த விஷயத்தில் முக்கால்வாசி பேர் சிம்மை வாங்கிட்டு, போன் ஒத்துக்கலைன்னு அப்புறம்தான் தவிக்கிறாங்க.

அமெரிக்காவில் 2022-க்குள் ஏடி&டி, டி-மொபைல், வெரைசன் மூணும் 3ஜியை மூடிட்டாங்க. அதனால் அங்கே சாதாரண கால் போகணும்னாலே வோஎல்டிஇ (4ஜி வழியாகவே கால் பேசுற வசதி) வேலை செஞ்சாகணும். "என் போனில் வோஎல்டிஇ இருக்கே, ஜியோவில் பேசுறேனே" என்று சொல்வது இங்கே செல்லாது. அந்தந்த கம்பெனிக்கான வோஎல்டிஇ செட்டிங் போனின் சாஃப்ட்வேருக்குள் இருக்கணும். ஏடி&டி தன் நெட்வொர்க்கில் அனுமதிக்கிற மாடல்களுக்கென்று ஒரு பட்டியலே வெச்சிருக்கு. ரெட்மி, ரியல்மி, விவோ மாதிரி இந்திய மாடல்களை அதில் தேடிப் பிரயோஜனம் இல்லை. டி-மொபைல் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அதனால் இங்கேயிருந்து போன் கொண்டு போறவங்க டி-மொபைல் டவரில் ஓடுற சிம்மை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது பேண்ட், அதாவது போனும் டவரும் பேசிக்கிற அலைவரிசை. நம்ம ஊரில் ஜியோவும் ஏர்டெல்லும் 4ஜிக்கு 1, 3, 5, 8, 40 என்ற பேண்டுகளில் ஓடுறாங்க. டி-மொபைல் 2, 4, 66, 12, 71. வெரைசனுக்கு 13 முக்கியம். இதில் 12, 13, 71 மூணும் குறைந்த அலைவரிசை, தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளே நுழையும். இந்தியாவுக்கென்று தயாரிக்கிற பட்ஜெட் போன்களில் பல சமயம் இவை இருக்காது. பேண்ட் 2, 4 மட்டும் இருந்தால் சாலையில் சிக்னல் நிற்கும், பேஸ்மென்ட்டில் இறங்கினால் போயிடும்.

செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற இடத்துக்குப் போய் மாடல் எண்ணை முழுசா எழுதிக்கோங்க. "ரெட்மி நோட் 12" என்று பெயரை மட்டும் தேடாதீங்க. ஒரே பெயரில் இந்தியா மாடல், குளோபல் மாடல் என்று பேண்ட் வேறுபடும். தயாரிப்பாளர் தளத்தில் அந்த எண்ணுக்கு உள்ள எல்டிஇ (4ஜி) பேண்ட் வரிசையில் 2, 4 அல்லது 66, 12, 71 இருக்கான்னு பாருங்க. பிறகு *#06# அடிச்சால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) வரும். கூடவே இஐடி என்று ஒரு நீள எண் வந்தால் அந்த போனில் இசிம் (பிளாஸ்டிக் இல்லாமல் நெட் வழியா போனுக்குள் இறக்குற சிம்) போடலாம், வரலைன்னா பிளாஸ்டிக் சிம்தான். சிம் கம்பெனி தளத்தில் ஐஎம்இஐ கொடுத்தும் சரிபார்க்கலாம். அது "ஓகே" காட்டினாலும் பேண்ட் குறை இருக்கலாம், அதை மட்டும் நம்பாதீங்க.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் 911, அங்கே அவசர உதவி எண். வோஎல்டிஇ ஒத்துவராத போனில் அவசர கால்கூட போகாது, கீழே இறங்கிப் பிடிக்க 3ஜி இல்லையே. வாட்ஸ்அப்பில் 911 கூப்பிட முடியாது. வயசானவங்க தனியா நடக்கப் போறாங்கன்னா இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். போன் தேறலைன்னா அங்கேயே அன்லாக்டு மோட்டோ ஜி அல்லது சாம்சங் ஏ சீரிஸ் ஒண்ணு, 150-200 டாலருக்குள் கிடைக்கும். பெட்டியில் "அன்லாக்டு" என்று இருக்கணும். சூப்பர் மார்க்கெட்டில் 50 டாலருக்குத் தொங்குற பிரீபெய்டு போன்கள் அந்தந்த கம்பெனிக்கு லாக் ஆனவை, வேற சிம் எடுக்காது.

தங்கச்சி பாசத்தில் ஐபோன் வாங்கித் தரப்போறாங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க: அமெரிக்காவில் விற்கிற ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். சென்னையிலிருந்து எடுத்துட்டுப் போற பிளாஸ்டிக் சிம்மை அதில் சொருக இடமே இல்லை.

மெரினா_காத்து

இந்திய நம்பர் பத்தி மட்டும் நான் சொல்றேன். ஓடிபிதான் வேணும்னா அந்த நம்பருக்கு ரோமிங் பேக்கே தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும்போது எஸ்எம்எஸ் வாங்குறதுக்குக் காசு கிடையாது. நம்பர் உயிரோட இருந்து, அங்கே ஏதாவது ஒரு டவரைப் பிடிச்சு நின்னால் போதும்.

உயிரோட வைக்கிறது எப்படின்னா: டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2024 டிசம்பரில் போட்ட உத்தரவுக்கு அப்புறம் டேட்டா இல்லாத, கால்-எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளான்கள் வந்திருக்கு. 2025 தொடக்கத்தில் வந்த விலைப்படி ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. இன்னைக்கு என்ன விலைன்னு ஆப்பில் ஒருதடவை பார்த்துக்கோங்க. 84 நாள் பிளான் ரெண்டு போட்டால் ஆறு மாசம் ஓடிடும்னு கணக்குப் போடாதீங்க, அது 168 நாள்தான், கடைசி ரெண்டு வாரம் அந்தரத்தில் நிற்கும். அந்த ரெண்டு வாரத்தில் ரீசார்ஜ் பண்ணப் போனால் கார்டுக்கு ஓடிபி கேட்கும், ஓடிபி வர ரீசார்ஜ் வேணும். இங்கேயிருந்து நீங்க போட்டு விடலாம்தான், ஆனா ஞாபகம் வெச்சுப் போடணுமே. ஒரேயடியா வருஷ பிளான் போட்டு மறந்துடுங்க.

"90 நாள் வரைக்கும் சிம்மை கட் பண்ண மாட்டாங்க, 20 ரூபா பேலன்ஸ் இருந்தால் இன்னும் 30 நாள்" என்று ஒரு டிராய் விதி சுத்திட்டு இருக்கும். விதி உண்மை. ஆனா அது நம்பரை வேற யாருக்கும் கொடுக்காமல் காப்பாத்தறதுக்கு. பிளான் முடிஞ்ச சில நாளில் வர்ற எஸ்எம்எஸ் நின்னு போறதை அது தடுக்காது.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி செய்ய வேண்டியது:

ரெண்டு ஆப்பிலும் இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகியிருக்கணும். பிரீபெய்டில் சில நம்பருக்கு அது தானா ஆன் ஆகாது. வெளிநாட்டு டவரைப் பிடிக்க ஏதாவது பேக் கட்டாயமான்னு கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை எஸ்எம்எஸ்ஸாவோ சாட்டாவோ கையில் வாங்கி வெச்சுக்கோங்க.

##002# அடிச்சு எல்லா கால் ஃபார்வர்டையும் ரத்து பண்ணுங்க. இதை யாரும் கவனிக்கிறதில்லை. அங்கே இருக்கும்போது வர்ற காலை எடுக்கலைன்னு அது வேற நம்பருக்குத் திரும்பினால், ரோமிங்கில் வந்த கால் ஒண்ணு, அங்கிருந்து இந்தியாவுக்குப் போன கால் ஒண்ணுன்னு ரெட்டைக் காசு போகும்.

1909-க்கு "ஸ்டார்ட் 0" என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பி டிஎன்டி (விளம்பரக் கால் தடை) போடுங்க. ஓடிபி அதனால் நிற்காது, பர்சனல் லோன் கால் குறையும். சென்னையில் காலை 11 மணிக்கு லோன் கொடுக்கக் கூப்பிடுறவருக்கு பஃபலோவில் ராத்திரி ஒன்றரை மணின்னு தெரியாது பாருங்க. பேக் இல்லாமல் ரோமிங்கில் எடுத்தால் வர்ற காலுக்கும் காசு.

சிம்மை இசிம்மா மாத்தவோ, பழைய சிம்முக்கு டூப்ளிகேட் வாங்கவோ நினைச்சால் இப்பவே செய்யுங்க. சிம் மாத்தினதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் வரவும் தடை இருக்கும், டெலிகாம் துறை உத்தரவு. ஏர்போர்ட் போற அன்னைக்குச் செஞ்சால் டிக்கெட்டுக்கு வர்ற ஓடிபியும் சேர்ந்து நிற்கும். என் அபிப்ராயம், இந்திய நம்பரை பிளாஸ்டிக்கிலேயே விடுங்க. போன் தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ பிளாஸ்டிக்கைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் தீர்ந்தது. இசிம்மை மறுபடி வாங்க அதே நம்பரிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுவாங்க, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துட்டு அதை எங்கிருந்து அனுப்புறது?

வங்கிப் பக்கம்: மெயிலுக்கும் ஓடிபி வர்ற மாதிரி வங்கியில் மெயில் ஐடி பதிஞ்சு வைங்க. ஸ்டேட் பேங்க் கணக்குன்னா எஸ்பிஐ செக்யூர் ஓடிபி ஆப்பை இங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிட்டால் அங்கே நெட் இருந்தாலே ஓடிபி எடுத்துக்கலாம். யுபிஐ ஆப்பை அழிக்காதீங்க, லாக் அவுட் பண்ணாதீங்க, சிம்மை ஒரு ஸ்லாட்டிலிருந்து இன்னொரு ஸ்லாட்டுக்கு மாத்தாதீங்க. மறுபடி வெரிஃபிகேஷன் கேட்டால் இந்திய சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகணும், ரோமிங்கில் அது அடிக்கடி தோற்கும்.

ஓடிபி வரலைன்னா பதறாமல் ஃபிளைட் மோட் போட்டு எடுக்கச் சொல்லுங்க. அப்பவும் வரலைன்னா இந்திய சிம்முக்கு நெட்வொர்க் தேர்வை "தானாக" என்பதிலிருந்து மாத்தி, பட்டியலில் இருக்கிற இன்னொரு கம்பெனியைத் தொடச் சொல்லுங்க. பெரும்பாலும் ஒரு நெட்வொர்க்கில் சிக்கின மெசேஜ் இன்னொண்ணில் கொட்டும்.

நங்கநல்லூர்_வாசி

ரெண்டு பேருக்கும் நன்றி. பார்த்துட்டேன்: சாம்சங்கில் பேண்ட் 2, 4, 66 இருக்கு, 12-உம் 71-உம் இல்லை. ரெட்மியில் 2-உம் கிடையாது, 4 மட்டும். *#06# அடிச்சால் ரெண்டிலும் இஐடி வரலை. அப்போ அங்கே ஒரு போன் வாங்கறது நிச்சயம்னு ஆயிடுச்சு. புது போனுக்குள் இந்திய சிம்மையும் போடணுமா, இல்லை பழைய போனிலேயே விடணுமா?

பேண்ட்71

பழைய போனிலேயே விடுங்க. யுபிஐ, வங்கி ஆப், ஓடிபி, வாட்ஸ்அப் எல்லாம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே அதில் இருக்கட்டும். அந்த போன் வீட்டு வைஃபையில் மேஜை மேலே கிடக்கட்டும். மூணு செட்டிங்: இந்திய சிம்மில் மொபைல் டேட்டா ஆஃப், டேட்டா ரோமிங் ஆஃப், வைஃபை கிடைக்காதபோது டேட்டாவுக்கு மாறுகிற ஆப்ஷன் ஆஃப்.

புது போனில் அமெரிக்க சிம் மட்டும். வெளியே போகும்போது அதை எடுத்துட்டுப் போனால் போதும். வாட்ஸ்அப் அதிலும் வேணும்னா புது நம்பரில் ரிஜிஸ்டர் பண்ணாதீங்க, "ஏற்கெனவே உள்ள கணக்கோடு இணை" என்பதில் போய் பழைய போனில் க்யூஆர் ஸ்கேன் பண்ணால் ரெண்டிலும் ஒரே வாட்ஸ்அப் ஓடும். பழைய போனில் 14 நாளுக்கு ஒருதடவையாவது வாட்ஸ்அப்பைத் திறக்கணும், இல்லைன்னா இணைப்பு அறுந்துடும். "உங்கள் எண்ணை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம்னு அழுத்தச் சொல்லுங்க.

ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்தே வெளியே போறவங்கன்னா புது போன் ஒண்ணே போதும். அந்த போனை இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஜியோ போட்டு ஓட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அங்கே விற்கிற பட்ஜெட் மாடல்களில் நம்ம பேண்டும் நம்ம வோஎல்டிஇயும் ஒழுங்கா அமையும்னு சொல்ல முடியாது. அடுத்த பயணத்துக்கு தங்கச்சி வீட்டிலேயே வெச்சுட்டு வரட்டும்.

ஸ்கார்பரோ_தம்பி

இப்போ பிளான். அமெரிக்காவில் மூணு பெரிய கம்பெனி டவரையும் வாடகைக்கு எடுத்து ஓட்டுற சின்ன பிராண்டுகள்தான் நமக்கு. பிரீபெய்டுக்கு எஸ்எஸ்என் (அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) வேண்டாம், கிரெடிட் செக் கிடையாது.

டி-மொபைல் டவரில் ஓடுறதில் டெல்லோ, மின்ட், லைகா மூணும் நம்மாட்கள் அதிகம் எடுக்கிறவை. மின்ட் இப்போ டி-மொபைலுக்கே சொந்தம், 3, 6, 12 மாசத்துக்கு மொத்தமா கட்டணும். மாசம் 15 டாலர்னு விளம்பரத்தில் வர்றது புதுசா சேர்றவங்களுக்கான விலை; அதே மூணு மாசத்தை ரெண்டாவது தடவை போடும்போது விலை ஏறும். உங்க கணக்குப்படி பஃபலோவில் நாலு மாசம், மூணால் வகுபடலை. அதனால் எனக்கு டெல்லோதான் பொருந்துறதா படுது. மாசாமாசம் கட்டினால் போதும், நிமிஷத்தையும் ஜிபியையும் நம்ம இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைச்சுக்கலாம். அன்லிமிடெட் காலோடு 2 ஜிபி என்பது மாசம் பத்து டாலர் சுமாருக்கு அமையும், வரி தனி. வீட்டில் வைஃபை இருக்கும்போது 2 ஜிபி தாராளம், வெளியே மேப் பார்க்கவும் வாட்ஸ்அப்புக்கும்தானே.

லைகா (நம்ம ஊரில் படம் எடுக்குறாங்களே, அதே குழுமம்தான்) எடுத்தால் இந்தியாவுக்கு ஐஎஸ்டி சேர்ந்தே வர்ற பிளான்கள் இருக்கு. உங்க பெரியம்மா லேண்ட்லைன் விஷயத்துக்கு அது தோது. வாங்குறதுக்கு முன்னாடி அந்த பிளானில் இந்திய மொபைல் மட்டுமா, லேண்ட்லைனும் உண்டான்னு படிச்சுப் பாருங்க, ரெண்டும் வேற வேற விலை இருக்கிற கம்பெனிகள் உண்டு.

பணம் கட்டறது: நம்ம டெபிட் கார்டைப் போட்டால் பல தளங்களில் நிராகரிக்கும். பில்லிங் முகவரியும் ஜிப் கோடும் கார்டோடு ஒத்துப்போகுதான்னு பார்க்கிற சோதனை அது, இந்திய பின்கோடு அதில் தேறாது. தங்கச்சி கார்டிலேயே போடட்டும். சிம்மை அவங்க முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கலாம், ஆனா ஆக்டிவேட் பண்ற அன்னைக்கிலிருந்துதான் நாள் ஓடும், அதனால் இவங்க இறங்கின பிறகு பண்ணினால் போதும். புது போனில் இசிம் எடுத்தால் வைஃபையில் இருந்துதான் இறக்கணும், இறக்கினதை டெலீட் பண்ணிடக் கூடாது, க்யூஆர் பெரும்பாலும் ஒருதடவைதான் செல்லும்.

ஆக்டிவேட் ஆனதும் முதல் வேலை வைஃபை காலிங்கை ஆன் பண்றது. மரச்சட்டம் போட்ட வீடா இருந்தாலும் பேஸ்மென்ட்டில் சிக்னல் படுத்துக்கும். ஆன் பண்ணும்போது அவசர முகவரி கேட்கும், தங்கச்சி வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு கொடுங்க, 911 போனால் அந்த முகவரிக்குத்தான் ஆள் வரும். கனடா வந்தால் அது பொருந்தாது, மறந்துடாதீங்க.

கனடாவில் ரோஜர்ஸ், பெல், டெலஸ் மூணும் பெரிசு, விலையும் பெரிசு. அவங்களுடைய மலிவு பிராண்டுகள் சாட்டர், லக்கி, பப்ளிக் மொபைல். தனியா ஃப்ரீடம். பப்ளிக்கில் விலை நல்லா இருக்கும், ஆனா போன் பண்ணிக் கேட்க ஹெல்ப்லைன் கிடையாது, எல்லாம் ஆன்லைன்தான். உங்க தம்பி கூடவே இருப்பார்னா பிரச்சினை இல்லை. இவங்களே கடைக்குப் போய்ப் பேசி வாங்கணும்னா ஃப்ரீடம் கடை சௌகரியம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், பிரீபெய்டுன்னு தெளிவாச் சொல்லிக் கேளுங்க, போஸ்ட்பெய்டு தலையில் கட்டப் பார்ப்பாங்க. ஒன்டாரியோவில் போட்டிருக்கிற விலைக்கு மேல் 13% வரி சேரும்.

வாடகை_சைக்கிள்

இத்தனை சிம் எதுக்குங்க? தங்கச்சிகிட்ட ஃபேமிலி பிளான் இருந்தால் அதில் ஒரு லைன் சேர்த்தால் முடிஞ்சது. இல்லைன்னா மின்ட்டே ஆறு மாசத்துக்கு எடுத்துடலாம். அதில் கனடா ரோமிங் கொஞ்சம் டேட்டாவோடு சேர்ந்தே வருதே, தம்பி வீட்டில் வைஃபை வேற இருக்கு. இல்லை கனடா கம்பெனியில் கனடா-அமெரிக்கா பிளான் எடுத்து ரெண்டு பக்கமும் ஓட்டலாம். வாசி கேட்டதும் ஒரே சிம்மில் முடியுமான்னுதானே.

ஸ்கார்பரோ_தம்பி

வார இறுதிக்கு அது சரி. ரெண்டு மாசம் தொடர்ந்துன்னா எனக்கு ஒப்பலை. இந்த எல்லை தாண்டிய பிளான் எல்லாத்துக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: பெரும்பாலான உபயோகம் சொந்த நாட்டு நெட்வொர்க்கில் நடக்கணும். மீறினால் ரோமிங்கை நிறுத்தவோ கணக்கை மூடவோ அவங்களுக்கு உரிமை உண்டு. எப்போ நிறுத்துவாங்கன்னு யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. மின்ட் ஆறு மாசம்னு போனால் வைஃபை புண்ணியத்தில் ஓடிடலாம், ஆனா ஸ்கார்பரோவில் டாக்டர் கிளினிக்கோ பக்கத்து வீட்டுக்காரரோ கூப்பிட அமெரிக்க நம்பரைக் கொடுக்கணும். சிலருக்கு அது வெளிநாட்டுக் கால், திருப்பிக் கூப்பிடத் தயங்குவாங்க.

கனடா பிளானை ரெண்டு பக்கமும் ஓட்டறது இவங்களுக்கு ஆகாது. முதலில் இறங்குறதே பஃபலோவில், அங்கே இருக்கப்போறதும் அதிக நாள்.

ஃபேமிலி லைன் யோசனை மோசமில்லை. ஏற்கெனவே மூணு நாலு லைன் ஓடுதுன்னா அடுத்த லைன் மலிவா வரும். பார்க்க வேண்டியது ரெண்டு: லைன் சேர்க்க ஒருமுறைக் கட்டணம் போடுவாங்களா, திரும்பும்போது ஒரு லைனை எடுத்தால் மத்த லைன்களின் தள்ளுபடி குலையுமா. ரெண்டாவதைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். போன் இலவசம்னு கொடுத்தால் அது ரெண்டு மூணு வருஷத் தவணைக்கான தூண்டில், வாங்காதீங்க.

நயாகரா பக்கம் இன்னொரு விஷயம். ஆற்றோரம் நிற்கும்போது போன் எதிர்க்கரை டவரைப் பிடிச்சுக்கும், அருவியைப் பார்த்துட்டு நிற்கிறவங்க "வெல்கம் டு கனடா" மெசேஜ் வந்திருக்கேன்னு முழிப்பாங்க. கனடா ரோமிங் சேராத சிம்மா இருந்தால் அந்த இடத்தில் டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க, அல்லது நெட்வொர்க்கை கையால் டி-மொபைலுக்குப் பூட்டிடுங்க. திரும்பினதும் "தானாக" என்பதில் வைக்க மறந்தால் வீட்டில் சிக்னல் இல்லைன்னு புகார் வரும்.

மெரினா_காத்து

காண்டாக்ட் லிஸ்ட்டை யாரும் சொல்லலை. அப்பா அம்மா போனில் பாதி நம்பர் வெறும் பத்து இலக்கமா, மீதி முன்னாடி சைபர் போட்டு சேவ் ஆகியிருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ளூர் நம்பரும் பத்து இலக்கம்தான். 98422 என்று தொடங்குற நம்ம நம்பரை +91 இல்லாமல் அடிச்சால், 984 வட கரோலினா ஏரியா கோடு, யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுப்பார். கிளம்பறதுக்கு முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் +91 போட்டு மாத்திடுங்க. பெரியம்மா லேண்ட்லைனுக்கு +91 44, அப்புறம் எட்டு இலக்கம். 044-இல் இருக்கிற சைபரை எடுத்துடணும்.

லேண்ட்லைனுக்கு வாட்ஸ்அப் போகாது, அதனால் அதுக்கு மட்டும் ஐஎஸ்டி வேணும். அல்லது பெரியம்மா வீட்டில் யாரிடமாவது ஸ்மார்ட்போன் இருந்தால் அதை வெச்சு முடிச்சுடலாம், ஆனா அவங்க வீட்டு அரசியல் எனக்குத் தெரியாது.

அப்புறம், தங்கச்சி, தம்பி நம்பர், வீட்டு முகவரி எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ளே வைங்க. இமிகிரேஷன் வரிசையில் போனை எடுக்க விட மாட்டாங்க, அங்கேதான் முகவரியும் கேட்பாங்க.

நங்கநல்லூர்_வாசி

தெளிவாயிடுச்சு. பழைய ரெண்டு போனிலும் இந்திய சிம், வருஷ பிளான். அங்கே ஒரு அன்லாக்டு போன், பஃபலோவில் இருக்கும் வரை மாசாமாசம் கட்டுற சிம். பெரியம்மாவுக்காக லைகாவா டெல்லோவான்னு தங்கச்சி பார்த்து முடிவு பண்ணட்டும். ஸ்கார்பரோ போனதும் என் தம்பி ஒரு பிரீபெய்டு எடுத்துக் கொடுப்பான்.

கடைசியா ஒண்ணு. ஸ்கார்பரோவுக்குக் கிளம்பும்போது அமெரிக்க நம்பரை என்ன பண்றது? அடுத்த வருஷமும் போவாங்க, அதே நம்பர் இருந்தால் நல்லாயிருக்கும்.

ஸ்கார்பரோ_தம்பி

ஆட்டோ-ரினியூவை ஆஃப் பண்ணாமல் கிளம்பினால் தங்கச்சி கார்டில் மாசாமாசம் போயிட்டே இருக்கும், அது முதல்.

நம்பரைக் காப்பாத்த ரெண்டு வழி. டெல்லோவில் டேட்டா இல்லாத ஆகக் குறைந்த பிளானுக்கு இறக்கி மாசம் அஞ்சு டாலர் சுமாருக்கு ஓட்டலாம். அல்லது கூகுள் வாய்ஸுக்கு (சிம் இல்லாமல் நெட் வழியா நம்பரை வெச்சுக்கிற கூகுள் சேவை) போர்ட் பண்ணலாம், ஒரேயொரு தடவை 20 டாலர், அப்புறம் மாசக் கட்டணம் இல்லை. போர்ட் பண்ண கணக்கு எண்ணும் டிரான்ஸ்ஃபர் பின்னும் சிம் கம்பெனியிடம் வாங்கணும், பிளான் உயிரோட இருக்கும்போதே செய்யணும், செத்த நம்பரை போர்ட் பண்ண முடியாது. பஃபலோவில் இருக்கும்போதே, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி முடிச்சுடுங்க, எல்லை தாண்டின பிறகு அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்யறது வம்பு. பாதியில் சிக்கினால் கூட அங்கேயே இருந்து சரிபண்ண நாள் இருக்கும்.

டாக்டர், பார்மசி எல்லாத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே தங்கச்சி நம்பரைக் கொடுத்திருந்தால் இந்தச் செலவே தேவைப்படாது. அடுத்த வருஷம் புது நம்பர் எடுத்தால் யாருக்குச் சொல்லணும், தங்கச்சிக்கும் தம்பிக்கும்தானே.